காளவாசல் தெருவில் களி

மாசிலாமணி சாப்பிடும் அழகைப் பார்க்க ஒரு காலத்தில் ஆட்கள் கூடுவார்கள். அழகு என்றா சொன்னேன், அது ஒரு கூத்து. இலையில் ஒரு கறி விழுந்தால் முதலில் குனிந்து பார்ப்பார். அப்புறம் விரல் நுனியால் புரட்டிப் பார்ப்பார். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். இத்தனை விசாரணையும் முடிந்தபின் அதை இலையோரத்துக்குத் தள்ளிவிட்டு, தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

கத்திரிக்காயில் விதை இருக்கும், ஆகாது. வெண்டைக்காய் வழவழ, ஆகாது. பூசணிக்குத் தான் காயா பழமா என்று அதற்கே தெரியாது, ஆகாது. கீரை ஆடுமாடு தின்பது. முருங்கைக்காயைக் கடைசியில் துப்பத்தானே போகிறோம், துப்புவதை வாயில் போடுவானேன் என்பார். சோறு, தயிர், பொரித்த அப்பளம். ஐம்பது வயதுவரை இவற்றை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார் மனுஷர்.

ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனசு அலுத்துப்போய், கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த குழல்வாய்மொழியம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. பெயர் நீளமாக இருந்ததால் ஊரார் வாயில் மொழியம்மை என்று சுருங்கிவிட்டது. அதிகம் பேசமாட்டார். அந்த மடத்தில் எல்லாரும் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சீடரும் சாமி, கொய்யாப்பழம் விற்க வருகிறவளும் சாமி. அம்மையை மட்டும் தாயே என்பார்கள்.

மடத்தில் அடுப்பு மூட்டுவதில்லை. மத்தியானம் சீடர்கள் ஆளுக்கொரு திருவோட்டை ஏந்தி ஊருக்குள் போவார்கள். எந்த வீட்டில் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சில வீட்டில் உட்காரவைத்து இலையும் போடுவார்கள். ஓட்டில் வாங்கிய சோறும் குழம்பும் கூட்டும் ஒன்றாய்க் கிடக்கும். கொண்டுவந்து அம்மை முன்னால் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

அந்த ஓடு சும்மா ஒரு பாத்திரம் அல்ல. அம்மை கையால் ஓடு வாங்கினவர்தான் சீடர். வாங்காதவர் எத்தனை காலம் தங்கினாலும் விருந்தாளி.

மாசிலாமணி வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஓடு வாங்கிவிட்டார்கள். அவர் இன்னும் விருந்தாளிதான். பங்கு வைக்கும்போது குழம்பு படாத சோறாகப் பார்த்துப் பொறுக்குவார். சாமி முத்துப் பொறுக்குகிறார் என்று சிங்காரம் என்ற சீடர் கேலி பேசுவார். மற்றவர்கள் ஓட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்போது மாசிலாமணி ஆளில்லாத நேரமாகப் பார்த்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார், பாவம். அவர் ஏங்கின ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏன் கிடைக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஊரின் தெற்குக் கோடியில், வாய்க்காலுக்கு அப்பால், காளவாசல் தெரு. செங்கல் சுடுகிறவர்கள் குடியிருக்கும் தெரு. ஒருமுறை சீடர்களுக்குத் துணையாக மாசிலாமணியும் அங்கே போனார். வெயிலுகந்தாள் என்கிற பெண், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அரக்கப்பரக்கக் களி கிண்டி, முதல் உருண்டையைப் பெரியவர் என்ற மரியாதைக்கு மாசிலாமணி முன்னால் வைத்தாள். கேப்பைக் களி. கன்னங்கரேலென்று, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"வேண்டாம்," என்றார்.

அவ்வளவுதான். வெயிலுகந்தாள் உருண்டையை எடுத்துப் பானையில் போட்டு மூடிவிட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நம்ம கைச் சோறு மடத்து ஆளுகளுக்கு இறங்காதாம் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் போயிற்று. அடுத்தமுறை சீடர்கள் ஓடேந்திப் போனபோது ஒரு கதவும் திறக்கவில்லை. அதிலிருந்து அந்தத் தெருவுக்கும் மடத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அம்மை இதற்காக அவரை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மாசிலாமணிக்கு இருந்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"தாயே, நாக்கை வெல்வது எப்படி?"

அம்மை செவ்வரளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்கள் நாக்கில் அதிகம் வரும் சொல் எது, சாமி?"

"சிவநாமம், தாயே."

பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல அவரைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் சிங்காரம்.

"என்ன வேண்டாம்?"

"இல்லை தாயே. அதுதான் அந்தச் சொல்."

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அம்மை சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தார்.

"அந்த ஒரு சொல்லை இங்கே வைத்துவிட்டு ஊருக்குள் போய்வாருங்கள்."

"பிடிக்காததைப் போட்டால் என்ன சொல்வது?"

"போதும் என்று சொல்லுங்கள்."

இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. வேண்டாம் என்றால் என்ன, போதும் என்றால் என்ன, ரெண்டுக்கும் கை ஒரேமாதிரிதானே ஆடப்போகிறது. துள்ளிக்கொண்டு கிளம்பினார்.

மேலத்தெருவில் ஒரு வீட்டில் உட்காரவைத்து இலை போட்டார்கள். கரண்டியில் பாகற்காய்ப் பொரியல் வந்தது. அது இலைக்கு மேலே வருவதற்குள் மாசிலாமணி இரண்டு கையையும் விரித்துப் போதும் போதும் என்றார். பரிமாற வந்த அம்மாள் திகைத்துப் போனாள். இன்னும் போடவே இல்லையே சாமி, எது போதும் என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேண்டாம் என்பதை எட்டத்தில் இருந்தே சொல்லிவிடலாம். போதும் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சமாவது இலையில் விழுந்தாக வேண்டும்.

விழுந்தது. முதலில் இந்தத் தொல்லை தீரட்டும், அப்புறம் நிம்மதியாகத் தயிர்சோறு சாப்பிடலாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு மொத்தப் பாகற்காயையும் மென்று தள்ளினார். கண்ணைத் திறந்தால் அம்மாள் பூரித்துப்போய் நிற்கிறாள். சாமிக்குப் பாகற்காய் என்றால் உயிர்போல, வைத்ததும் காலி என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். அவர் போதும் என்றார். கூச்சப்படுகிறார் என்று எண்ணி மறுபடியும் ஒரு கரண்டி வைத்தாள்.

அன்றைக்கு மடத்துக்குத் திரும்பியவரின் முகத்தைப் பார்த்த சிங்காரம், கேலி செய்ய வாயெடுத்தவர், பேசாமல் போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனாலும் மனுஷர் விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். தினமும் போனார். சட்டென்று இலையை மடித்துவிடும் தந்திரத்தையும் ஒரு வீட்டில் செய்து பார்த்தார். அந்த வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்து, இலையைத் திரும்ப விரித்து, கூட்டு இன்னும் வரவில்லை என்று சொல்லி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். தந்திரமெல்லாம் பலிக்காது என்று தெரிந்ததும் மாசிலாமணி நேர்மையாகச் சாப்பிட ஆரம்பித்தார். கத்திரிக்காய் விதை பல்லில்கூடப் படவில்லை, அது அவருக்கு ஆச்சரியம். வெண்டைக்காயை நன்றாக வதக்கினால் வழவழப்பு போய்விடுகிறது. இது தெரியாமல் இத்தனை வருஷம் வீணாய்ப் போயிற்றே என்று சிங்காரத்திடம் அங்கலாய்த்தார். முருங்கைக்காயைச் சவைத்துத் துப்புவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. பூசணி மட்டும் ஒத்துவரவில்லை. அதையும் வாங்கி, மென்று, விழுங்கிவிட்டுப் போதும் என்றார். இன்னும் வைத்தார்கள்.

அம்மையிடம் போய் முறையிட்டார்.

"போதும் என்று சொன்னால் யாரும் நிறுத்துவதில்லை, தாயே."

"வேண்டாம் என்று சொன்னால்?"

"உடனே நிறுத்திவிடுவார்கள்."

"ஆமாம்," என்றார் அம்மை. "காளவாசல் தெருவில் நிறுத்திவிட்டார்கள்."

மாசிலாமணி எழுந்து போய்விட்டார். மறுநாள் அம்மை முன்னால் வந்து நின்றார். காளவாசல் தெருவுக்குத் தான் தனியாகப் போவதாகச் சொன்னார். அங்கே ஒரு கை சோறு வாங்க முடியாவிட்டால் அப்படியே கடைக்குத் திரும்பிவிடுவதாகவும், ஓடு கேட்டு இந்த வாசலில் இனி நிற்பதில்லை என்றும் சொன்னார். சிங்காரம்கூடச் சிரிக்கவில்லை.

அம்மை உள்ளே போய்த் தன்னுடைய ஓட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"வெறுங்கையோடு போனால் எதில் வாங்குவீர்கள்?"

உச்சிவெயில் கொளுத்திற்று. வாய்க்காலைத் தாண்டும்போதே காளவாசல் புகை மூக்கில் ஏறியது. முதல் வீட்டுக் கதவு அவரைக் கண்டதும் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தது, குரல்தான் வரவில்லை. அவர் நேராக வெயிலுகந்தாள் வாசலுக்குப் போய் நின்றார்.

அவள் வெளியே வந்தாள். பார்த்ததுமே ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்க வீட்டுல களிதான் இருக்கு," என்றாள். "நீங்க சாப்புட மாட்டீய. எதுக்கு வெயில்ல நிக்கீய?"

போய்விடு என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. மாசிலாமணி நகரவில்லை.

"உன் கைச் சோறுன்னு நான் அன்னைக்கு வேண்டாம்னு சொல்லலம்மா. என்னைப் பெத்தவ போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"இது யாரை ஏமாத்த?" என்றாள் வெயிலுகந்தாள்.

அவர் உள்ளதைச் சொன்னார். கத்திரிக்காயில் ஆரம்பித்து, வெண்டைக்காய், பூசணி, கீரை, முருங்கைக்காய் என்று ஒன்றுவிடாமல், எது எதனால் ஆகாது என்று காரணத்தோடு, கடையில் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி எடுத்துவைத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டு விருந்தில் அப்பளத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்ததையும், மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார் என்று இரண்டு குடும்பமும் கிடந்து பட்ட பாட்டையும் மறைக்காமல் சொன்னார். சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். முருங்கைக்காயுமா ஆகாது என்று ஒரு பெரியவர் நம்பமுடியாமல் கேட்டார். முருங்கைக்காயும்தான் என்றார் மாசிலாமணி.

தெரு கொல்லென்று சிரித்தது. வெயிலுகந்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளாலும் அடக்க முடியவில்லை.

"நாங்க என்னென்னமோ நெனச்சோமே," என்றாள். "இது வேற சீக்கா?"

"சீக்குதாம்மா."

"இப்ப சொகமாயிட்டா?"

"பூசணி பாக்கி."

"களி?"

"தெரியல. நீ போட்டாத்தான் தெரியும்."

அவள் உள்ளே போய்ப் பானையோடு வந்தாள். மாசிலாமணி தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்டை முன்னால் வைத்தார். அதே கறுப்பு, அதே பளபளப்பு. உருண்டையை வைத்து, நடுவில் குழித்து, கொள்ளுக் குழம்பை ஊற்றினாள்.

அவர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். வழக்கப்படி நாக்கால் புரட்டிப் பார்த்து, கடைவாய்க்குத் தள்ளி, மென்றார். களி பல்லில் ஒட்டியது. அண்ணத்தில் அப்பிக்கொண்டது. மெல்ல மெல்ல வாய்க்குள் பெருத்துக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியாது, தெருவே பார்க்கிறது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, ஓடும் போச்சு, மடமும் போச்சு என்று நினைத்தார்.

"ஐயோ, மெல்லுதீயளா?" என்றாள் வெயிலுகந்தாள். "களியை ஆராச்சும் மெல்லுவாவளா? கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும், சாமி."

களியை மெல்லக்கூடாது என்பது அந்தத் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு வாய்ச்சோற்றையும் நாக்கால் சோதித்தே பழகிய மனுஷருக்கு அது தெரியவில்லை. யாரோ செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இன்னொரு துண்டைக் கிள்ளினார். குழம்பில் புரட்டினார். இந்தத் தடவை குனிந்து பார்க்கவில்லை, முகரவில்லை, நாக்கில் வைத்து விசாரிக்கவில்லை. போட்டார், விட்டார். அது வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. இளஞ்சூடு நெஞ்சு வழியாக வயிறுவரை போவது தெரிந்தது. பின்னாலேயே பூண்டும் மிளகும் மணமாக ஏறிவந்தன.

இன்னொன்று கிள்ளினார். இன்னொன்று. அப்புறம் தலை நிமிரவே இல்லை. ஒரு பிடி பிடித்துவிட்டார் மனுஷர். உருண்டை போன இடம் தெரியவில்லை.

"போதுமா, சாமி?" என்றாள் வெயிலுகந்தாள்.

மாசிலாமணி ஓட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

சோற்றைப் பார்த்து அவர் வாயிலிருந்து இன்னும் என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. தேர் நிலைக்கு வந்துசேர்ந்த மாதிரி ஒரு ஆரவாரம் எழுந்தது தெருவில். எங்க வீட்டிலும் வாங்கணும், எங்க வீட்டிலும் வாங்கணும் என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். சற்றுமுன் கதவைச் சாத்திய வீட்டுக்காரிதான் முதலில் இழுத்தவள். துவையல் விழுந்தது, பனங்கிழங்கு விழுந்தது, இன்னும் களி விழுந்தது. ஒரு வீட்டில் பூசணிக்கூட்டு இருந்தது. தெரு முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. அதையும் வாங்கி, அங்கேயே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினார். அந்த வீட்டுப் பெரியவருக்கு அன்றைக்கு இருந்த கெத்தைப் பார்க்க வேண்டுமே.

ஓடு நிரம்பி வழிந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாசிலாமணி வாய்க்காலைத் தாண்டினார். வெயிலுகந்தாளும் இன்னும் நாலைந்து பேரும் கூடவே மடத்து வாசல்வரை வந்தார்கள். அம்மையைக் கும்பிட்டார்கள். இத்தனை நாள் யாரும் வந்து கூப்பிடவில்லையே என்று உரிமையோடு சண்டை போட்டார்கள். நாளைக்கும் ஆள் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மை களியில் ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பில் தொட்டு, விழுங்கினார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சிங்காரம் வாயில் போட்டு மென்றுவிட்டுத் திருதிருவென்று விழித்தார். மாசிலாமணி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, களியை எப்படி விழுங்குவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு பெருமையை அந்த முகத்தில் மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

எல்லாரும் சாப்பிட்டானதும் ஓட்டைக் கழுவித் துடைத்து அம்மையிடம் நீட்டினார். அம்மை கையை நீட்டவில்லை.

"உங்களிடமே இருக்கட்டும், சாமி."

மாசிலாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஓட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய ஆள் என்றும் பாராமல் அழுதுவிட்டார். அப்புறம் சிரித்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு.

"தாயே, நாக்கை வென்றுவிட்டேன்."

அம்மை செம்பை எடுத்துக்கொண்டு செவ்வரளிப் பக்கம் நடந்தார்.

"நாளைக்கு வெயிலுகந்தாள் உளுந்தங்களி கிண்டுகிறாளாம். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி." சொல்லும்போதே அவருக்கு எச்சில் ஊறிற்று. "நானே போய்வரட்டுமா?"

"சிங்காரம் சாமி போவார்," என்றார் அம்மை. "உங்களுக்கு நாளைக்கு வேறு தெரு."